படித்துப் பார்த்துச் சம்மதித்து

1

இன்று ஆடிக் கிருத்திகை. இந்த டொராண்டோ ஊரில் அது யாருக்கும் தெரியாது. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை அலமாரியைத் திறந்து, உள்ளே இருக்கும் திருப்போரூர் கந்தசாமி படத்துக்கு விளக்கேற்றினேன். இரண்டு நிமிஷம்தான் எரியவிட முடியும். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு நெருப்பு என்றால் பயம். நானே பூவால் விளக்கை மலையேற்றிவிட்டு, அலமாரியைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சாமியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு நாளும் மனசு என்னமோ செய்கிறது. நாலு வருஷம் ஆகியும் பழகவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. இன்று விரதம், அதனால் மத்தியானம் எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். சட்டைப் பையில் ஊரிலிருந்து வந்த நீலக் கடிதம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. நம் கடற்கரைக் குப்பத்துக் கன்னியம்மாவின் கேஸ் என்ன ஆயிற்று என்று அதில் எழுதியிருக்கும். கடலோரத்தில் அவள் புருஷன் வழியாக வந்த மனை ஒன்று கைவிட்டுப் போய்விட்டது. அது கைமாறிய பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்பது விளங்கும்.

நான் குடியிருக்கும் பேட்டையில், வயது வந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஒரு சங்கம் இருக்கிறது. மாதா கோயிலுக்கு அடியில் உள்ள அறையில் வகுப்பு. நான் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் போனவன். போய் இரண்டு வருஷம் கழித்து, நிர்வாகக் குழுவில் படிக்கிறவர்களிலும் ஒருவர் இருக்க வேண்டும் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் குழு. தலைவி மார்கரெட் அம்மாள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நல்ல மனசுக்காரி.

அரசாங்கத்துக்கு வருஷ அறிக்கை அனுப்ப வேண்டுமாம். எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றார்கள் என்று காட்டாவிட்டால் அடுத்த வருஷம் அறை கிடைக்காதாம். அதனால் ஒரு தீர்மானம்: தன் பெயரைக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எல்லாரையும் எழுத்தறிவு பெற்றவர் என்று பட்டியலில் சேர்ப்பது. சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கை எழுந்தது. என் கை மடியிலேயே கிடந்தது.

"என்ன, உடம்புக்கு முடியவில்லையா?" என்று மார்கரெட் அம்மாள் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

அவர்களிடம் சொல்வதற்கு முன் நம் ஊர்க்காரர்களான உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அந்தக் கடற்கரையும் தெரியும், கைநாட்டும் தெரியும்.

2

எங்கள் குடும்பம் திருப்போரூர்ப் பக்கம் கழனி வைத்திருந்த குடும்பம். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. மாமல்லபுரம் போகிற ரோட்டில், குப்பத்துக்குப் பிரிகிற முனையில், அரிசியும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை வைத்திருந்தேன். எழுபதுகள் பிறந்த புதிதில் அங்கே முதியோர் கல்விச் சங்கம் ஒன்று தொடங்கினோம். ஐந்து பேர் கமிட்டி. தலைவர் பெயருக்கு ஒரு பெரிய மனிதர், அவர் வந்து நான் பார்த்ததில்லை. காரியதரிசி நான்தான். எனக்கு அது முருகன் கொடுத்த வேலை என்று தோன்றியது. இப்போதும் நான் அதைச் சந்தேகிக்கவில்லை, நான் செய்த விதத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

மீன் விற்றுத் திரும்பிய பெண்களுக்குப் பகல் மூன்று மணிக்கு, வலை வைக்கிற கொட்டகையில் வகுப்பு. செங்கல்பட்டிலிருந்து சரோஜா டீச்சர் பஸ் மாறி மாறி வருவார். சிலேட்டெல்லாம் மீன் வாசனை அடிக்கும்.

கன்னியம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் போன கட்டுமரம் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். மாமனார் பேரில் பட்டா உள்ள மனை, சவுக்கு நாலு நின்ற மணல் மேடு. அதில் பாதி அவளுக்கு, பாதி கொழுந்தன் ஏகாம்பரத்துக்கு. வீடு அதில்தான். வாய் உண்டு அவளுக்கு. கடைக்கு வந்தால் நான் அளந்து போடுகிற படியைவிட அவள் பேச்சு நீளம்.

"இன்னா அண்ணாத்த, பேரு எழுதக் கத்துக்கினா வஞ்சிரம் வெல ஏறிடுமா?"

"விலை ஏறாது. ஆனா உன்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாது."

"ஏமாத்தறதுக்கு எங்கிட்ட இன்னா கீது? ஒரு கூட, ரெண்டு பொண்ணு."

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். "உன் வாய்க்கு எவன்டி உன்ன ஏமாத்துவான்? அவன்தான் மாட்டிக்குவான்."

"அப்போ அண்ணாத்தைக்கு வேலயே இல்ல, போ," என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கே வந்து உட்கார்ந்தாள்.

நான் ஒரு சட்டம் போட்டேன். முதலில் பெயர், மற்றதெல்லாம் அப்புறம். ஒன்றியத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருவார். கையெழுத்துப் போடுகிறவர்களைக் காட்டினால்தான் சிலேட்டும் புத்தகமும் தொடர்ந்து கிடைக்கும். சரோஜா டீச்சர் ஒப்பவில்லை.

"சார், இவங்க பேரை எழுதலீங்க, வரையறாங்க. கோலம் போடற மாதிரி. அதே 'க'வைப் படத்துல காட்டினா தெரியல, பாருங்க." சுவரில் மாட்டியிருந்த அட்டையில் 'கடல்' என்ற சொல்லைக் காட்டினார். "இது இன்னா, கன்னியம்மா?"

கன்னியம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். எதிரே நூறடியில் கடல் இரைந்துகொண்டிருந்தது. "அது இன்னாவோ ஒண்ணு. எம்பேரு இல்ல," என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"அதிகாரி வந்துட்டுப் போகட்டும் டீச்சர். அப்புறம் நிதானமா அட்டையெல்லாம் பார்த்துக்கலாம்."

அதிகாரி வந்தார். முப்பத்தொரு பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தறிவு பெற்றோர் பட்டியல் என்று தலைப்பிட்டு, முப்பத்தொரு பெயரையும் நான் எழுதி, மேற்கண்டவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று சான்று சொல்லி, கீழே காரியதரிசி என்று கையெழுத்திட்டேன்.

அதோடு விட்டேனா? ஆடிக் கிருத்திகை வந்தது. முப்பத்தொரு பேரையும் திருப்போரூருக்கு நடத்தி அழைத்துப் போனேன். காவடிக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து உள்ளே போய், சன்னதியில் நிறுத்தி, சத்தியம் வாங்கினேன். "கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல இனிமே பெருவிரல் வைக்க மாட்டேன், முருகா." நான் சொல்லச் சொல்ல அவர்கள் சொன்னார்கள். அந்தச் சத்தியம் என் சொந்த யோசனை. யாரும் கேட்கவில்லை, முருகனும் கேட்கவில்லை. தேங்காய் உடைத்தேன். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று எல்லாருக்கும் சொன்னேன்.

3

இங்கே என் நிலைமை கொஞ்சம் எழுதுகிறேன்.

என் பெண் வள்ளிக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வருகிற இங்கிலீஷ் காகிதமெல்லாம் அவள்தான் படிக்கிறாள். லைட் பில், ஆஸ்பத்திரி ரசீது, குடியுரிமை ஆபீஸ் கடிதம் எல்லாம். சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை வைத்து, விரலால் தொட்டுக் காட்டுவாள்.

"இங்க சைன் போடுங்கப்பா."

"என்னம்மா எழுதியிருக்கு?"

"சும்மா, ஸ்கூல் பேப்பர்."

போட்டுவிடுவேன். வேலை முடிந்து வந்த அசதியில் கண் சொருகும். போன வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து மதிப்பெண் அட்டை வந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேலரி என்று இருந்தது. வேறு வீட்டுப் பிள்ளையின் அட்டை தப்பி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"அது நான்தாம்பா," என்றாள். "ஸ்கூல்ல அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். நீங்கதான சைன் போட்டீங்க?"

முருகனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேர். என் மனைவி இரண்டு நாள் அழுதாள். நான் பெண்ணைத் திட்டவில்லை. எனக்குத் திட்ட வாயில்லை. படிக்காமல் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்று அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

4

மாமல்லபுரத்துக் கடற்கரையில் வெளியூர்க்காரர்கள் மனை தேடிக்கொண்டு கார்களில் வந்த காலம் அது. வெள்ளைக்காரர்கள் வந்து தங்க ஓட்டல் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரு நாள் காலை ஏகாம்பரம் கடைக்கு வந்தான்.

"அண்ணாத்த, ஒரு ஒத்தாச. அண்ணி பங்க அண்ணி பேர்லயே தனியா எழுதிடலாம்னு பாக்கறேன். நாளைக்கு எம்புள்ளைங்க பெருசாகி, பெரியம்மாவாண்ட தகராறு பண்ணிகினு நின்னா நல்லாவா இருக்கும்? நீ சாட்சிக் கையெழுத்து போட்டா போதும். உன் பேச்சுன்னா அண்ணி நம்பும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொழுந்தன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கன்னியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் தலைக்குக் குளித்து, கல்யாணத்துப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் மூன்று பேரும் போனோம்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர், எழுதி முடித்த தாள்களை முழங்காலில் வைத்திருந்தார். ஆறு பக்கம்.

"யம்மா, கையெழுத்தா கைநாட்டா? கைநாட்டுன்னா முழுசும் படிச்சுக் காட்டணும். படிச்சுக் காட்டினோம்னு அதுக்கு வேற வாசகம் எழுதணும். நேரமாவும்."

கன்னியம்மா நிமிர்ந்துகொண்டாள். "இன்னா கேட்டுகினு கீற? கையெழுத்துதான். முருகன்மேல சத்தியம் பண்ணிக்கீறேன், வெரலு வைக்க மாட்டேன்."

அங்கே இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பரவால்லியே, குப்பத்துல படிச்ச பொம்பள," என்றார் ஒருவர். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மார்பு விம்மியது.

பத்திரம் எழுதுகிறவர் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். உள்ளே, அதிகாரி மேஜைமேல் தாளை வைத்து அவள் குனிந்தாள். நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கன்னா, னன்னா என்று ஒவ்வொரு சுழியாக ஆறு முறை தன் பெயரைப் போட்டாள். அதிகாரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. நம்மால் ஒரு ஏழை தலை நிமிர்ந்தாளே என்று மனசுக்குள் கந்தசாமிக்கு நன்றி சொன்னேன். பிறகு பேனாவை வாங்கி அவள் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன்.

ஆறு பக்கத்தில் ஒரு பக்கத்தை நான் படித்தேனா? இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும். தமிழில் பளிச்சென்று எழுதியிருந்தது. என் கண் அவள் கையெழுத்தைத் தவிர வேறு எதன்மேலும் போகவில்லை.

திரும்பும்போது அவள் பெண்களுக்குப் பூ வாங்கினாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்து, "முருகனுக்குப் போடு அண்ணாத்த," என்றாள்.

5

நாலு மாதம் போயிருக்கும். மணல் மேட்டில் கல் நட்டார்கள். சவுக்கு நாலையும் வெட்டினார்கள். பிறகு வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஏகாம்பரம் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டிருந்தான்.

கன்னியம்மா பத்திர நகலை வாங்கி, சரோஜா டீச்சரிடம் கொண்டுபோனாள். டீச்சர் படித்துவிட்டு என் கடைக்கு வந்தார். நாங்கள் மூவரும் செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் போனோம். அது பங்கு பிரித்த பத்திரம் இல்லை, விடுதலைப் பத்திரம். தன் பங்கு முழுவதையும் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்ததாக அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவன் அதை அடுத்த மாதமே வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டான்.

வக்கீல் கடைசிப் பக்கத்தைத் தட்டினார். "கைநாட்டா இருந்தா வழி இருக்குங்க. படிக்காத பொம்பளைக்குப் படிச்சுக் காட்டினோம்னு அவன் நிரூபிக்கணும். இது கையெழுத்தாச்சே. இந்த வரியைப் பாருங்க."

பார்த்தேன். 'மேலே கண்டவற்றை நானே படித்துப் பார்த்துச் சம்மதித்துக் கையொப்பமிடுகிறேன்.' அதன் கீழே கன்னியம்மாவின் பெயர். அதன் கீழே என் பெயர்.

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நான் படிக்காதவ. நீ படிச்சவன்தான அண்ணாத்த? நீ படிச்சியா?"

"இல்லம்மா."

"அப்போ இன்னாத்துக்குக் கூட வந்த?"

நான் பத்திரத்தை வக்கீல் பக்கம் நகர்த்தினேன்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். அந்த அம்மாளுக்குப் பெயருக்குமேல் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது, பத்திரத்தை யாரும் படித்துக் காட்டவுமில்லை என்று சாட்சியே கோர்ட்டில் ஏறிச் சொன்னால் கேஸ் நிற்கும். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

"பார்க்கலாம்மா," என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான், மனைவியின் அண்ணன், இந்த டொராண்டோவிலிருந்து, நாங்கள் வந்து குடியேற எழுதிப்போட்ட மனு பலித்தது. அதற்குப் போலீஸில் நற்சான்று வாங்க வேண்டும். கோர்ட்டு கேஸ் என்று என் பெயர் அடிபட்டால் நற்சான்று நின்றுபோகும் என்று யாரோ சொன்னார்கள். விசாரிக்கக்கூட இல்லை, நம்பிவிட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கடையை மூடுவதற்கு முந்தைய வாரம் வகுப்புக்குப் போனேன். சரோஜா டீச்சர் வருகைப் பதிவை நீட்டினார். எல்லாரும் பெயர் எழுதினார்கள். கன்னியம்மா மைப்பெட்டியை வாங்கி, பெருவிரலைத் தோய்த்து, தன் பெயருக்கு நேரே அழுத்தி வைத்தாள்.

"கன்னியம்மா, சத்தியம்…" என்று ஆரம்பித்தேன்.

"முருகங்கிட்ட போயி சொல்லிட்டு வந்துட்டேன். வாக்க மாத்திகினேன்னு. அவரு ஒண்ணும் சொல்லல. நீ எதுக்குச் சொல்ற?"

அவளிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒரு மாதத்தில் விமானம் ஏறினேன்.

6

இந்த வருஷம் மாசி மாதத்தில் சரோஜா டீச்சர் எழுதினார். கன்னியம்மா போட்ட கேஸ் விசாரணைக்கு வருகிறது. அங்கிருந்தே சத்தியப் பிரமாணம் எழுதி அனுப்பினாலும் முயன்று பார்க்கலாம் என்று வக்கீல் சொல்கிறாராம். நான் கையெழுத்திட வேண்டிய வாசகத்தை அவரே இங்கிலீஷில் எழுதிய தாளும் உள்ளே இருந்தது.

நான் அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் அங்கேயே இருந்தது. அப்போது எங்கள் குடியுரிமை மனு நடந்துகொண்டிருந்தது. மறுபடியும் அதே பயம். தினமும் விளக்கேற்றும்போது படத்துக்குப் பின்னால் காகித ஓரம் தெரியும். நான் என் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு கும்பிடுவேன். கடைசியில் வள்ளிதான் அதை எடுத்தாள்.

"இது என்னப்பா? பயங்கர லீகலா இருக்கு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே குடியுரிமை ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வேறு ஊர்க் கோர்ட்டில் சாட்சி சொல்வது ஒரு குற்றமும் இல்லையாம், எந்தக் காகிதமும் நிற்காதாம். அங்கிருந்தபோதும் நின்றிருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு அவளிடம், "முதல்லேர்ந்து கடைசி வரை படி. தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடாதே," என்றேன். அவளுடைய தமிழ் இப்போது தடுக்குகிறது. ஒரு வரிக்கு மூன்று சொல் தேடினாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, இதுல தப்பு உங்க மேலன்னு வருது. சாட்சியாப் போயிட்டு நான் படிக்கலன்னு. கொஞ்சம் மாத்தி எழுதிக் கேட்கலாமா?"

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் அதற்கென்று உள்ள அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, முத்திரை வாங்கி, தபாலில் போட்டேன். அதற்குப் பதில்தான் என் சட்டைப் பையில் இருக்கிற கடிதம்.

7

கிருத்திகை இரவு விரதம் முடித்த பிறகு பிரித்தேன். டீச்சர் கையெழுத்து, கன்னியம்மா பேச்சு. அப்படியே தருகிறேன்.

"அண்ணாத்தைக்கு கன்னியம்மா சொல்லி டீச்சர் எழுதறது. கேஸு தள்ளுபடி ஆயிடுச்சு. நீ அனுப்பின காயிதத்த நம்ம வக்கீலு குடுத்தாரு. அவங்க வக்கீலு நம்ம சங்கத்து லிஸ்ட்ட எடுத்துகினு வந்தாரு. பதினோராவது பேரு நானு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு போட்டு கீழ உன் கையெழுத்து. அப்போ எழுதினது நெசமா, இப்போ எழுதினது நெசமான்னு கேட்டாரு. பதிலு சொல்ல நீ அங்க இல்ல. ஓட்டலு மதிலு எழுப்பிட்டாங்க. நானும் சின்னவளும் மதிலுக்கு இந்தாண்ட குட்ச போட்டுகினு கீறோம். பெரியவள மெட்ராஸ்ல ஒரு வூட்டு வேலைக்கு விட்டுட்டேன். உன் காயிதத்த டீச்சர் எனக்கு மூணு தபா படிச்சுக் காட்டினாங்க. உன் மேல கோவம் இல்லன்னு எழுதட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். பொய் எழுதின காயிதத்துல நான் வெரலு வைக்க மாட்டேன்."

அதன் கீழே டீச்சர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். 'மேலே கண்டது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன்.' அதன் கீழே ஊதா மையில் பெருவிரல் ரேகை. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. மீன் அறுக்கும்போது பட்ட பழைய வெட்டு.

படித்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். கும்பிடக் கை வரவில்லை. அப்படியே சாத்தினேன்.

8

ஒரு வாரம் கழித்து இதை முடிக்கிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு பெண் இருந்தாள், பேர் மட்டும் எழுதுவாள், நான் லிஸ்டில் சேர்த்தேன், அவள் வீடு போயிற்று, கோர்ட்டிலும் அந்த லிஸ்டே அவளைத் தோற்கடித்தது என்று. சொல்லி முடித்ததும் எல்லாரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மார்கரெட் அம்மாள் என் கையைப் பிடித்தார். "மிகவும் வருத்தம். ஆனால் இங்கே அப்படியெல்லாம் நடக்காது," என்றார்.

தீர்மானம் எட்டுக்கு ஒன்று என்று நிறைவேறியது.

பட்டியலைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். குழுவினர் எல்லாரும் கீழே கையெழுத்திட வேண்டும். என்னிடம் வந்தபோது நான் வாங்கி, பெயர் பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தேன். நேரமாகிறது என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நாலாவது பெயர் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் போர்த்துகீசியக் கிழவர். தினமும் பஸ் நிறுத்தத்தில் என்னிடம்தான், இந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்பார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிறதை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கையெழுத்து அழகாகப் போடுவார், சுழித்துச் சுழித்து.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, தாளை அடுத்தவருக்குத் தள்ளினேன். என் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. அப்படியே அரசாங்கத்துக்குப் போகும். ஒரு கையெழுத்துக் குறைந்ததற்காக யாரும் எதையும் நிறுத்தமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கன்னியம்மாவுக்கு இதை எழுதலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். எழுதினால் டீச்சர் வரிவிடாமல் படித்துக் காட்டுவார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, மதில் பக்கம் திரும்பிக்கொண்டு, "இப்போ இன்னாத்துக்கு?" என்பாள்.

எழுதவில்லை.